பயப்படாதே, நான் இருக்கேன்ல!

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது கதாநாயகி அல்ல, கணக்கு.

இந்தக் கணக்கைப் பாருங்கள். 2006-ல் ஒரு படம் எடுக்கிறார்கள். செலவு சுமார் 15,000 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய ஏழு லட்ச ரூபாய். அந்தக் காசில் நம் ஊரில் ஒரு கல்யாணம் நடத்தலாம். அதுவும் சம்பந்தி வீட்டார் ஐஸ்க்ரீம் விஷயத்தில் கொஞ்சம் அனுசரித்துப் போனால்! அந்தப் படம் உலகம் முழுக்க வசூலித்தது சுமார் 19 கோடியே 30 லட்சம் டாலர். ஒரு டாலர் போட்ட இடத்தில் பன்னிரண்டாயிரம் டாலருக்கு மேல். தியேட்டர்காரர் பங்கு, விளம்பரம், ஸ்டூடியோ பிற்பாடு செய்த செலவு எல்லாவற்றையும் டெபிட் பக்கம் எழுதினாலும் கிரெடிட் பக்கம் கண்ணைப் பறிக்கிறது.

படத்தின் பெயர் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'. புது வீட்டில் ஒரு இளம் ஜோடி. ராத்திரி ஆனால் சத்தம். கதை இவ்வளவுதான். இதைவிடப் பெரிய கதையை நம்ம வீட்டு வாட்ச்மேன் சொல்வார்.

எடுத்தவர் ஒரன் பெலி. இஸ்ரேலில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். தொழில், வீடியோ கேம்ஸுக்கு புரோகிராம் எழுதுவது. சினிமா பற்றி ஒரு வகுப்பிலும் உட்கார்ந்தது கிடையாது. சரி, பேய்ப் படங்களைக் கரைத்துக் குடித்தவரா என்றால், அதுவும் இல்லை. 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' என்று 1984-ல் ஒரு படம் வந்ததே, ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்த படம், அதற்கே பயந்தவராம் மனுஷர்! கலிஃபோர்னியாவில் சான் டியாகோ நகரத்தில் வீடு வாங்கிக் குடிபோனார். ராத்திரியில் 'டொக்' என்று ஒரு சத்தம். 'கிறீச்' என்று இன்னொன்று. புது வீட்டில் மரமும் ஆணியும் பண்ணுகிற சேஷ்டை. நாமாக இருந்தால் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்லியிருப்போம். அவர், 'ஒரு கேமராவை ஓடவிட்டுத் தூங்கினால் என்ன தெரியும்?' என்று யோசித்தார். வந்தது படம்.

லொக்கேஷன், அவருடைய சொந்த வீடு. வாடகை மிச்சம். படம் எடுப்பதற்காக வீட்டுக்குப் பெயின்ட் அடித்து, மேஜை நாற்காலி வாங்கிப் போட்டு ஏகப்பட்ட நாள் தயார் பண்ணினார். (படம் ஓடாவிட்டாலும் வீடு பளிச்சென்று இருக்கும் அல்லவா? இதைத்தான் எங்கள் காமர்ஸ் வாத்தியார் 'ரிஸ்க்கைக் குறைப்பது' என்பார்.) ஷூட்டிங் ஏழே நாள். வசனம் எழுதவில்லை. காட்சியை மட்டும் விளக்கிவிட்டு, 'நீங்களே பேசுங்க' என்று விட்டுவிட்டார். கேட்டி, மிக்கா என்று இரண்டு நடிகர்கள். படத்திலும் அதே பெயர்தான். பெயர் வைக்கிற செலவும் மிச்சம்!

★ ★ ★

நம் ஊர்ப் பேய்ப் படத்துக்கு என்று ஒரு சாமான் பட்டியல் இருக்கிறது. வெள்ளைப் புடவை, ஜல் ஜல் கொலுசு, காற்றில்லாமலே ஆடும் ஜன்னல், திடீரென்று குறுக்கே பாயும் கறுப்புப் பூனை, அதற்கு ஒரு 'டங்!' மியூசிக். பூனைக்குக்கூட பேட்டா உண்டு.

இந்தப் படத்தில் இதில் ஒன்றும் இல்லை. பின்னணி இசையே கிடையாது. பெட்ரூம் மூலையில் மூன்று கால் ஸ்டாண்டில் கேமரா. கட்டிலில் இருவர் தூங்குகிறார்கள். இடது பக்கம் திறந்த கதவு, அதற்கு அப்பால் இருட்டு. திரையின் மூலையில் கடிகார எண்கள் விறுவிறுவென்று ஓடுகின்றன. ஒரு மணி, ஒன்றரை, இரண்டு... திடீரென்று எண்கள் நிதானமாகின்றன. அவ்வளவுதான், தியேட்டரில் மூச்சுவிடுகிற சத்தம்கூட நின்றுபோகும். ஏதோ நடக்கப்போகிறது. என்ன? கதவு ஓர் அங்குலம் நகர்கிறது.

ஓர் அங்குலம் சார்! அதற்கு ஒரு ஆள் அலறுகிறார்.

சும்மா தூங்குகிற இரண்டு பேரை நாம் முழித்துக்கொண்டு காவல் காக்கிறோம். கண் கதவிலேயே இருக்கிறது. காது ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் அலைகிறது. பயமுறுத்துகிற வேலையை முக்கால்வாசி பார்ப்பவனே பண்ணிக்கொள்கிறான். மூலப்பொருளையும் கூலியையும் வாடிக்கையாளரே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, டிக்கெட் காசும் கொடுத்துவிட்டுப் போகும் தொழில் உலகத்தில் வேறு எது இருக்கிறது?

படம் 2007-ல் ஒரு விழாவில் திரையிடப்பட்டது. ஆனாலும் தியேட்டருக்கு வர இரண்டு வருஷம் ஆயிற்று. ஹாலிவுட் ஸ்டூடியோவில், 'இதையே பெரிய செலவில் திரும்ப எடுக்கலாம்' என்றுதான் முதலில் நினைத்தார்கள். எதற்கும் ஒரு தடவை ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பாதிப் படத்தில் ஆட்கள் எழுந்து எழுந்து வெளியே போனார்கள். 'சரி, படம் அவுட்' என்று முகம் தொங்கிப்போனது. அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் போனது அலுப்பினால் அல்ல, உட்கார்ந்து பார்க்க தைரியம் இல்லாமல்! ஸ்பீல்பெர்க் இந்தப் படத்தின் டி.வி.டி.யை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தார், ஆளில்லாத ரூம் கதவு உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது, மறுநாள் டி.வி.டி.யைக் குப்பைப் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. நிஜமோ, விளம்பர டிபார்ட்மென்ட்டின் கைவண்ணமோ, தாழ்ப்பாளுக்குத்தான் வெளிச்சம்.

2009 செப்டம்பரில் 13 கல்லூரி ஊர்களில் மட்டும் நடுராத்திரிக் காட்சியாக வெளியிட்டார்கள். டிரெய்லரில் படத்தைவிட, படம் பார்ப்பவர்கள் அலறுவதைத்தான் அதிகம் காட்டினார்கள். 'எங்க ஊருக்கும் வேணும்' என்று பத்து லட்சம் பேர் இன்டர்நெட்டில் ஓட்டுப் போட்டால் நாடு முழுக்க வரும் என்றார்கள். பேய்க்கு ஓட்டுப் போடச் சொன்னால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? போட்டுத் தள்ளினார்கள். அக்டோபரில், கோடிக் கணக்கில் செலவழித்து எடுத்த 'சா' படத்தின் ஆறாம் பாகம் வந்த அதே வாரம், முதலிடத்தில் நின்றது இந்த ஏழு லட்ச ரூபாய்ப் படம்.

★ ★ ★

வீட்டுப் பேய்ப் படம் எதைப் பார்த்தாலும் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும். "ஏன்யா, காலி பண்ணிட்டுப் போகவேண்டியதுதானே?"

நியாயமான கேள்வி. நியாயமான பதிலும் உண்டு. ஹவுசிங் லோன்.

நியூயார்க் பக்கத்தில் அமிட்டிவில் என்று ஒரு ஊர். 1974-ல் அங்கே ஒரு வீட்டில் ஆறு பேர் கொலை. கொன்றவன் அந்த வீட்டுப் பிள்ளையேதான். அடுத்த வருஷம் டிசம்பரில் வேறொரு ஜோடி, குழந்தைகளோடு, அந்த வீட்டை 80,000 டாலருக்கு மலிவாக வாங்கிக் குடிபோனது. 28 நாள். ஓடிவந்துவிட்டார்கள். உள்ளே பேய் என்றார்கள். 1979-ல் கொலைகாரனின் வக்கீலே, 'இது நாங்கள் உட்கார்ந்து ஒயின் குடித்துக்கொண்டே ஜோடித்த கதை' என்று சொன்னது தனிக் கதை. அதே 1979-ல் படமும் வந்து சக்கைப்போடு போட்டது. பேய்க் கதை மன்னர் ஸ்டீபன் கிங் அந்தப் படத்தைப் பற்றி ஒரு சமாசாரம் எழுதியிருக்கிறார். சுவரெல்லாம் பாழாகி, ஜன்னல்கள் சிதறுகிற கட்டத்தில் தியேட்டரில் ஒரு பெண்மணி புலம்பினாராம். பேயை நினைத்து அல்ல, ரிப்பேர் பில்லை நினைத்து! மாசம் ஒண்ணாம் தேதி இ.எம்.ஐ. கட்டுகிற எல்லோரும் அந்த அம்மாளுக்கு உடன்பிறப்புகள்.

சான் டியாகோ ஜோடிக்குக் காரணம் வேறு. கேட்டிக்கு எட்டு வயசிலிருந்து அந்த 'ஏதோ ஒன்று' கூடவே வருகிறது. வீட்டைக் காலி பண்ணினால் அதுவும் லாரியில் ஏறிக்கொள்ளும்.

ஆவி விவகாரம் தெரிந்த ஒரு நிபுணரைக் கூப்பிடுகிறார்கள். அவர் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார். 'நான் செத்த மனுஷங்களோட ஆவியைத்தான் பார்ப்பேன். இது ஆவி இல்லை, பிசாசு. அதுக்கு வேற ஆள்' என்று ஒரு பெயரைக் கொடுக்கிறார். அதாவது, 'இது என் செக்‌ஷன் இல்லை'. ரெண்டாவது தடவை கூப்பிட்டால் வாசலோடு திரும்பிவிடுகிறார். அந்த இன்னொரு செக்‌ஷன் ஆள்? வெளியூர். பேய்க்கும் நம் தாலுகா ஆபீசுக்கும் என்ன பொருத்தம் பாருங்கள்!

★ ★ ★

இதெல்லாம் இருக்கட்டும். படம் முடிந்து, தண்ணீர் குடித்து, ஹாலில் ஒரு லைட்டை எரியவிட்டுப் படுத்த பிறகும் என் மண்டையில் சுற்றியது பேய் அல்ல. அந்த மிக்கா.

கெட்டவன் கிடையாது. அதுதான் விசேஷம். ஷேர் வாங்கி விற்கிற தொழில், கலகலப்பான ஆள், கேட்டி மேல் உயிர். அவள் சொல்கிறாள், "எனக்குப் பயமா இருக்கு." அதற்கு அவன் என்ன செய்கிறான்? பெரிய கேமராவாகப் பார்த்து வாங்கி வருகிறான்.

அவளுக்குப் பயம்; அவனுக்கு அது ஒரு சுவாரஸ்யமான புராஜெக்ட்.

அவள் அழும்போதும் கேமரா ஓடுகிறது. "அதை ஆஃப் பண்ணேன்" என்கிறாள். "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்கிறான். ராத்திரி இவர்கள் தூங்கும்போது என்ன நடந்தது என்பதைக் காலையில் போட்டுப் பார்த்து, உலகக் கோப்பை ரீப்ளே பார்க்கிற மாதிரி குஷியாகிறான். 'அதைச் சீண்டாதீங்க, பேச்சுக் கொடுக்காதீங்க' என்று நிபுணர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எழுத்துப் போட்ட பலகையில் காயை நகர்த்தி ஆவியோடு பேசுவார்களே, வீஜா போர்டு, அதை வாங்க மாட்டேன் என்று கேட்டியிடம் சத்தியம் வேறு பண்ணியிருக்கிறான். ஒரு நாள் அது வீட்டில் இருக்கிறது. அவள் கொதித்துப்போய்க் கேட்டால், 'நான் வாங்கலை, இரவல்தான் வாங்கினேன்' என்கிறான்!

இந்தப் பதிலைக் கேட்டு நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வக்கீல், ஆடிட்டர், கணவன் ஆகிய மூன்று ஜாதிக்கும் பொதுவான பதில் அது.

ராத்திரி வராந்தா தரை முழுக்கப் பவுடரைக் கொட்டிவைக்கிறான். கால் தடம் பதிகிறது. மனுஷக் கால் அல்ல. அப்போதும், 'இது என் வீடு, இவ என் ஆளு, நான் பார்த்துக்கறேன்' என்கிறான். அவளுக்கு எட்டு வயசிலிருந்து தெரிந்த விஷயத்தில், நேற்றுக் கேமரா வாங்கினவன் எக்ஸ்பர்ட் ஆகிவிட்டான். முடிவைச் சொல்லமாட்டேன். அந்தப் படத்துக்கு ஒன்றுக்கு மூன்றாக முடிவுகள் எடுத்திருக்கிறார்கள். மூன்றிலும் மிக்காவுக்கு நல்ல காலம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

யோசித்துப் பார்த்தால் புது வீட்டில் குடியேறும் ஜோடிகளின் பயப் படங்களில் இது ஒரு பழைய சரடு. 1944-ல் 'கேஸ்லைட்'. லண்டனில் ஒரு வீடு. ராத்திரியானால் விளக்கு மங்குகிறது, மாடியில் காலடிச் சத்தம். இங்க்ரிட் பெர்க்மன் நடுங்குகிறார். 'எல்லாம் உன் பிரமை' என்கிறான் கணவன். நகைக்காக மாடியைக் குடைகிறவனே அவன்தான்! ஒருவருடைய கண்ணையும் காதையும் அவரே நம்பாதபடி ஆக்குவதற்கு அந்தப் படத்தின் பெயரையே ஆங்கிலத்தில் வினைச்சொல்லாக்கி, 2022-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதை அந்த வருஷத்தின் சொல் என்று அறிவித்தது. அடுத்து, 1968-ல் 'ரோஸ்மேரீஸ் பேபி'. நியூயார்க்கில் புது ஃப்ளாட், ரொம்ப அன்பான பக்கத்து வீட்டுக்காரர்கள், வயிற்றில் குழந்தை. 'ஏதோ சரியில்லை' என்கிறாள் மனைவி. கணவன் தலையைத் தடவிக் கொடுக்கிறான். ஒரு நாடக சான்ஸுக்காக அவளை ஏற்கெனவே விலை பேசிவிட்ட கை அது.

1944-ல் கணவன் திருடன். 1968-ல் கணவன் வியாபாரி. 2007-ல் காதலன், நல்லவன். முதல் இரண்டு பேரைப் பார்த்தால் 'பாவி' என்று திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். மூன்றாமவனைத் திட்ட முடியவில்லை. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறது.

★ ★ ★

எங்கே பார்த்த முகம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பில்டிங்கில் மாடி ஃப்ளாட்.

தங்கமான மனுஷர். பெயர் வேண்டாம், நாளைக்கு லிஃப்ட்டில் பார்க்கவேண்டும். புது ஃப்ளாட் வாங்கி வந்த மூன்றாம் மாசம் அவர் வீட்டு அம்மா சொன்னாராம், "ஏங்க, ராத்திரி ஏ.சி. போட்டா சுவத்துக்குள்ள சர்ரு சர்ருனு ஒரு சத்தம் கேக்குதுங்க." நண்பர் சிரித்தார். "நீ பேய்ப் படம் பாக்கறதை நிறுத்து." ரெண்டு வாரம் கழித்து, "ஒரு வாடை வருதுங்க. ரப்பர் கருகற மாதிரி." நண்பர் அன்று ஆபீஸ் விட்டு வரும்போது, மனைவி மேல் உள்ள பிரியத்தில், கையோடு ஒன்று வாங்கி வந்தார். ரூம் ஃப்ரெஷ்னர். மல்லிகை வாசனை.

இரண்டு மாசம் அந்த அறையில் மல்லிகையும் ரப்பரும் கலந்து மணந்தது. அந்த அம்மாள் ராத்திரியில் தூங்கவில்லை. பையன் படுக்கிற கட்டிலை மட்டும் அந்தச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டார். அவர் தங்கை கேட்டபோது, "எனக்குத்தான் ஏதோ மனசு சரியில்லை போலிருக்கு" என்று சொன்னாராம். காதும் சரியாகத்தான் இருந்தது, மூக்கும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. எனக்குக் கேட்டதிலேயே வயிற்றைப் பிசைந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

கடைசியில் வேறு வேலையாக வந்த எலெக்ட்ரீஷியனிடம் அந்த அம்மாளே, "தம்பி, இதைக் கொஞ்சம் கழட்டிப் பாரேன்" என்று சொல்ல, அவன் ஸ்விட்ச் போர்டைக் கழற்றினான். உள்ளே ஒயர் கருகி, பிளாஸ்டிக் உருகி ஒழுகியிருந்தது. லூஸ் கனெக்‌ஷன். "நல்லவேளைக்கா, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா சுவரே பத்தியிருக்கும்" என்றான். ஸ்விட்சையும் ஒயரையும் மாற்றினான். கூலியோடு முந்நூற்றம்பது ரூபாய். ரூம் ஃப்ரெஷ்னருக்கு அதற்கு மேல் செலவாகியிருந்தது. கணக்குப் பிள்ளை நான், கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நண்பர் இன்றைக்கும் அதை, "என் ஒய்ஃப் மூக்கு இருக்கே, போலீஸ் நாய் மாதிரி!" என்று பெருமையாகத்தான் சொல்கிறார். பக்கத்தில் அந்த அம்மாள் சிரிப்பதில்லை.

'பயப்படாதே, நான் இருக்கேன்ல!' என்பது உலகத்திலேயே பிரியமான வாக்கியம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல சமயம் அதற்கு அர்த்தம், 'இந்தப் பேச்சை இத்தோட விடு' என்பதுதான். மிக்காவும் இருந்தான். கூடவேதான் இருந்தான். அதே கட்டிலில்தான் படுத்திருந்தான். கேமராவின் அந்தப் பக்கம் இருந்தானே தவிர, அவள் பக்கம் இல்லை.

வீட்டில் யாராவது, மனைவியோ, அம்மாவோ, எட்டு வயசுப் பெண்ணோ, "ஏதோ சரியில்லை" என்று சொன்னால் ஐயாமார்கள் செய்யவேண்டியது மூன்று. ஒன்று, டி.வி.யை ம்யூட் பண்ணுவது. இரண்டு, "எங்கே, எப்போதிலிருந்து?" என்று கேட்பது. மூன்று, செருப்பை மாட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பது. எலியாக இருக்கலாம். ஒயராக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் பார்வையாக இருக்கலாம். மார்பில் மூன்று நாளாக இருக்கும் வலியாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ஒன்றுமில்லை என்பதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லவேண்டும். படுத்துக்கொண்டே சொல்லக்கூடாது.

இதற்கு ஆகும் செலவு? பைசா கிடையாது. மிக்கா மட்டும் முதல் நாளே இதைச் செய்திருந்தால் ஹாலிவுட்டுக்கு 19 கோடி டாலர் நஷ்டம். பரவாயில்லை, அவர்கள் தாங்குவார்கள்.

இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டியதும் என் சகதர்மிணி கேட்டாள். "எல்லாம் சரி. பின்கட்டு பாத்ரூம்ல குழாய் சொட்டுதுன்னு தீபாவளிலேர்ந்து சொல்லிட்டிருக்கேனே, அது எந்த செக்‌ஷன்?"

ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மீதி அடுத்த வாரம்.